மகனின் தேமல், தந்தையின் கால் நகம்: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறுவனுக்கு ஆட்டிசம் என்று சொல்லப்பட்டு, காரணம் தேடுவது அத்தோடு நின்றுபோனது. அந்தத் தேடல் மறுபடி எப்படித் தொடங்கியது, அதனால் அவனுக்கும் அவன் தந்தைக்கும் என்ன கிடைத்தது என்பதே இந்தப் பதிவு. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்றில் சிறப்புக் கல்வியாளராக நான் இதில் பங்கெடுத்தேன். மருத்துவ முடிவுகளை மருத்துவர்கள் எடுத்தார்கள். கூட இருந்து பார்த்ததையும் கேட்டுக் குறித்து வைத்ததையும் தருகிறேன். பெற்றோர் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதிருக்க ஊர்ப் பெயரையும் சில சில்லறை விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

குடும்பம் ராமேஸ்வரம் தீவில், பாக் நீரிணையைப் பார்த்த ஒரு மீனவர் குடியிருப்பில் இருக்கிறது. தந்தைக்குச் சொந்தப் படகு கிடையாது. விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். படகு ஓடும் நாள்களான திங்கள், புதன், சனியை ஒட்டித்தான் வீட்டில் எல்லாக் கணக்கும். மீன்பாடு நன்றாக இருந்தால் மறுநாள் மருத்துவமனைக்குப் போகலாம், இல்லாவிட்டால் அடுத்த வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் ஆள் கரையில் இருப்பார், கையில் காசு இருக்காது. தாய் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கும் குழுவில் வேலை செய்கிறார்.

தாய் தன் அத்தை மகனைக் கட்டியவர். அதாவது, மாமியார் அவருடைய அப்பாவின் கூடப் பிறந்தவர். இந்த ஒரு விவரம் பிறகு பையனின் எல்லா மருத்துவ நோட்டிலும் முதல் வரியாக ஏறியது.

கைக்குழந்தையாக இருந்தபோது

பையன் 2019-இல் பிறந்தான். நிறைமாதம், சுகப்பிரசவம், எடையும் சரி. ஐந்தாவது மாதத்தில், தூங்கி எழுந்ததும் கைகளைச் சட்டென்று மார்போடு மடக்கித் தலையைக் குனிவான். ஒரு நொடியில் விட்டுவிடுவான். சில நொடி கழித்து மறுபடி அதே. இப்படிப் பத்துப் பதினைந்து தடவை வரிசையாக வரும், அப்புறம் வீறிட்டு அழுவான். அப்பத்தா இதை மாந்தம் என்றார். வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்கள், தாயத்துக் கட்டினார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வயிற்று வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தாயின் தம்பி மட்டும் அந்த உதறலைச் செல்போனில் பிடித்து வைத்திருந்தார்.

அந்த வீடியோவை மூன்றரை வருடம் கழித்துப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், முதல் மூன்று மடக்கலிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தைகளுக்கு வரும் இசிவு வலிப்பு அது. பொதுவாக மூன்று முதல் எட்டு மாதத்துக்குள் தொடங்கும், தூங்கி எழும் நேரத்தில் கொத்துக் கொத்தாக வரும். ஒரு பெரிய வலிப்பைப் போலக் கண்ணுக்குத் தெரியாததால் வயிற்று வலி என்றே பலரும் நினைக்கிறார்கள். மூளை வளர்ச்சியை நேரடியாகப் பாதிக்கும் வலிப்பு என்பதால் இதை அவசரமாகப் பார்த்தாக வேண்டும். இந்தப் பையனுக்கு அது சிகிச்சையே இல்லாமல் ஒரு வயதுவாக்கில் தானாக அடங்கிப்போனது. குடும்பத்துக்கு மாந்தம் தீர்ந்த கணக்கு.

பதினான்காவது மாதத்தில் காய்ச்சலோடு ஒரு வலிப்பு. கொரோனா காலம். காய்ச்சல் வலிப்பு என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டிசம் என்ற முடிவு

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. வலையில் கட்டும் மிதப்புகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குவான். ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். 2022-இல் ஒரு குழந்தை மருத்துவர் பார்த்து ஆட்டிசம் என்றார். ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் நடுத்தர அளவு என்று பதிவாகி, பேச்சுப் பயிற்சிக்கும் நடத்தைப் பயிற்சிக்கும் பரிந்துரை வந்தது.

அந்த முடிவு சரியானதுதான், இன்றைக்கும் அது மாறவில்லை. குறை அடுத்த வரியில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'நெருங்கிய உறவில் திருமணம்' என்று எழுதப்பட்டு, விசாரணை அத்தோடு மூடப்பட்டது. அதே நோட்டின் இன்னொரு பக்கத்தில் 'உடம்பில் வெள்ளைத் திட்டுகள்' என்று இருக்கிறது. அதற்குப் பூச்சி மாத்திரையும் தேமல் களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று தொழுநோய்க்காகவும் ஒருவர் சோதித்துப் பார்த்து, இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதுவரை சரி. காய்ச்சல் வலிப்பு வேறொரு நோட்டில். உதறல் எந்த நோட்டிலும் இல்லை.

இடையில் குடும்பம் ஏர்வாடி தர்காவுக்கும் போய்த் தங்கியது. எங்கள் மாவட்டத்தில் இதைக் குற்றமாகப் பேசுவதில் பயனில்லை. தொழுகையும் மருந்தும் சேர்ந்தே போகட்டும் என்று தர்காவிலேயே மனநல மருத்துவர்களை உட்கார வைக்கும் ஏற்பாட்டை அரசே செய்திருக்கிறது. அங்கே பார்த்த ஒரு செவிலியர்தான், 'அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடம் காட்டுங்கள்' என்று அனுப்பினார்.

மையத்துக்கு வந்தபோது

2023 பிப்ரவரியில் எங்களிடம் வந்தான். நான்கு வயது நெருங்கியிருந்தது. நுனிக்காலில் நடை, சொல் எதுவும் இல்லை, முனகல் மட்டும். தாயின் மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை ஒன்று.

இரண்டு விஷயங்கள் அந்த முதல் வாரங்களில் கண்ணில் பட்டன. முதலாவது, அவன் கூப்பிட்டால் திரும்பாததில் இரண்டு வகை இருந்தது. சில நேரம் மிதப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பாமல் இருப்பான். மிதப்பை எடுத்தால் கத்துவான். வேறு சில நேரம் மிதப்பை எடுத்தாலும் ஒன்றும் நடக்காது. கண் ஒரே இடத்தில் நிற்கும், உதடு எதையோ சப்புவது போல அசையும். அரை நிமிடத்தில் முடியும், முடிந்ததும் சோர்ந்து சாய்வான். வீட்டில் கேட்டபோது தினமும் நாலைந்து முறை வருகிறது என்றார்கள். 'அவன் உலகத்துக்குள்ள போயிருவான் டீச்சர்' என்பது தாயின் விளக்கம். ஆட்டிசம் பற்றி யாரோ சொல்லிக் கொடுத்த வாசகம் அது. உண்மையான வலிப்பு ஒன்றை அது மறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது விஷயத்தைப் பிடித்தவர் எங்கள் பிசியோதெரபிஸ்ட். குதிகாலைப் பார்க்கச் சட்டையைக் கழற்றியபோது முதுகிலும் தொடையிலும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. வெயிலில் கறுத்த தோல் என்பதால் பளிச்சென்று இருந்தன. ஒரு முனை உருண்டும் மறு முனை கூராகவும் இலை வடிவம். 'தேமல்னா லேசா செதில் உதிரும். இது வழவழன்னு இருக்கே' என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டோம். 'கைப்பிள்ளையிலிருந்தே இருக்கு, பிள்ளையோட சேர்ந்து வளருது' என்றார் தாய். தேமல் வரும், போகும். பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் இருந்து, குழந்தை வளர வளர அதுவும் பெரிதாவது தேமல் கிடையாது.

மையத்தின் மருத்துவர் தோல் பிரிவிலிருந்து வுட்ஸ் விளக்கை வரவழைத்தார். அறையை இருட்டாக்கி அந்தப் புற ஊதாக்கதிர் விளக்கை அடித்துப் பார்த்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத திட்டுகளும் தெரியும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஏழு இருந்தன. அந்த அளவில் மூன்று இருந்தாலே டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய்க்கான முக்கிய அடையாளம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று பொருள். உறுதி செய்ய இரண்டு வேண்டும்.

தந்தையின் கால் நகம்

மருத்துவர் அடுத்துச் செய்தது எனக்குப் புதிது. பையனை விட்டுவிட்டுத் தந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவர் வந்தார்.

மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் சிவந்த சிறு பருக்கள். முப்பது வயது தாண்டியும் அப்படியே இருக்கின்றன. சீழ் வைப்பதில்லை, அமுங்குவதில்லை. 'உப்புக் காத்து, வெயிலு' என்றார். கூட வந்திருந்த அப்பத்தா, 'அவுக அப்பாவுக்கும் முகம் இப்படித்தான் இருக்கும்' என்று சேர்த்துக்கொண்டார். அந்தத் தாத்தா பல வருடம் முன்பே இறந்துவிட்டார்.

கை விரல் ஒன்றில் நகக்கண்ணிலிருந்து அரிசி அளவில் ஒரு சதைத் துருத்தல். 'வலைக்கயிறு இழுத்து இழுத்து இப்படி ஆயிருச்சு டாக்டர்.' மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் விரல்களில் மூன்று இடத்தில் அதே துருத்தல். 'கயிறு கையிலதானே இழுக்குறீங்க அண்ணே, காலுக்கு எப்படி வந்துச்சு?' என்று கேட்டார். அவருக்குப் பதில் இல்லை.

முகத்தில் உள்ளவை பரு போலத் தெரிந்தாலும் இரத்தக் குழாயும் நார்த்திசுவும் சேர்ந்த சிறு கட்டிகள். நகத்தடியில் வருவது நார்க்கட்டி. இரண்டுமே முக்கிய அடையாளங்கள்தான். ஒரு ஊசி குத்தாமல், ஒரு ரூபாய்ச் சோதனை இல்லாமல், தந்தைக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று அந்த அறையிலேயே முடிவாகிவிட்டது. மகனுக்கு முன்பே நோய் தெரிந்தது தந்தைக்கு.

மதுரையில் உறுதியானது

பையனுக்கு மூளை ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் தேவைப்பட்டன. தீவிலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றுவிட்டது. புதுப்பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. ஹாரன் சத்தத்துக்கே அலறும் பிள்ளையை நாலு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோக வேண்டும். இரவு பத்து மணி வண்டியில் தூங்கவைத்துக் கூட்டிப் போவது, காது மூடும் ஹெட்போன் கொடுப்பது, ஸ்கேன் அறையின் படத்தை ஒரு வாரம் முன்பிருந்தே காட்டுவது என்று திட்டமிட்டோம். இந்தப் பகுதியில் சிறப்புக் கல்விக்கு உண்மையான வேலை இருந்தது.

எம்.ஆர்.ஐ. மயக்கம் கொடுத்து எடுக்கப்பட்டது. மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் கிழங்கு போலத் தடித்த திட்டுகள். நோய்க்கு இந்தப் பெயர் வந்ததே இவற்றால்தான். மூளையின் நீரறைகளின் சுவரோரம் சிறு முடிச்சுகள். அவற்றில் ஒன்று நீரோட்டம் திரும்பும் குறுகிய வழிக்குப் பக்கத்தில். இப்போது சிறியது, வளர்ந்தால் வழியை அடைத்துவிடும். ஈ.ஈ.ஜி.யில் வலிப்பு அலைகள் தெளிவாக இருந்தன. இதயத்தில் இப்போது ஒன்றுமில்லை. இந்த நோயில் இதயக் கட்டிகள் கருவிலேயே வந்து, பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும்.

ஆட்டிசத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது குரோமோசோமில் டிஎஸ்சி1, பதினாறாவதில் டிஎஸ்சி2 என்று இரண்டு மரபணுக்கள். 1990-களில் கண்டுபிடிக்கப்பட்டவை. செல் எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதங்களை இவை உண்டாக்குகின்றன. தந்தைக்கு மருத்துவர் சொன்ன விளக்கம் இது: 'டீசல் எஞ்சினில் கவர்னர் போனா எஞ்சின் தன்னால எகிறும்ல, அது மாதிரி.' அவர் உடனே தலையாட்டினார். வளர்ச்சி கட்டுப்பாடு இழந்த இடங்களில் புற்றல்லாத கட்டிகள் வருகின்றன: தோலில், மூளையில், சிறுநீரகத்தில், கண்ணில், பெண்களுக்கு நுரையீரலிலும். மூளையில் கட்டிகளோடு நரம்புகளுக்கு இடையிலான இணைப்புகளும் தடம் மாறுகின்றன. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நூற்றில் ஒருவர் அளவில்தான் இந்த நோய். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு புற ஊதா விளக்கும் இருட்டு அறையும் பத்து நிமிடமும் போதும் என்னும்போது, பார்க்காமல் விடுவதற்குச் சமாதானம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

முதலில் வலிப்பு. ஐந்து மாதத்தில் பார்த்திருந்தால் விகாபாட்ரின் என்ற மருந்து முதல் தேர்வாக இருந்திருக்கும்; இந்த நோயில் வரும் இசிவு வலிப்புக்கு அது நன்றாகக் கேட்கும். இப்போது இருப்பது மூளையின் ஒரு பகுதியிலிருந்து கிளம்பும் வேறு வகை வலிப்பு என்பதால் ஆக்ஸ்கார்பசெபின் தொடங்கினார்கள். இரத்தத்தில் உப்புச்சத்து குறைகிறதா என்று இடையில் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து மரபணுச் சோதனை. உடனே வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்தது. பையனுக்கும் தந்தைக்கும் நோய் அடையாளங்களாலேயே உறுதி. சிகிச்சைக்கு அது தேவையில்லை. ஆனால் மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை இருந்தது, அண்ணனுக்கு உதறல் வந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வுட்ஸ் விளக்கில் திட்டு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் அந்த வயதில் அதை வைத்து மட்டும் நிம்மதியடைய முடியாது. பையனுக்கு முழுச் சோதனை செய்து மாற்றம் எங்கே என்று தெரிந்துகொண்டால், குழந்தைக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இந்தக் காரணத்துக்காகவே நன்கொடையாளர் ஒருவர் உதவியில் சோதனை செய்யப்பட்டது. முடிவு வரும்வரை, குழந்தை உதறினால் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே வர வேண்டும் என்று தாய்க்குச் சொல்லி, எப்படி இருக்கும் என்பதற்கு அவருடைய தம்பி எடுத்த அந்தப் பழைய வீடியோவையே காட்டினோம்.

மூன்றாவது, கடல். வலிப்புள்ள பிள்ளை, ஆபத்து தெரியாத பிள்ளை, தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளை, வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு பனை வரிசை. வாசலில் உயரமான இடத்தில் கொண்டியோடு கதவு, தனியாகக் குளிக்கவிடாமை, பக்கத்து வீடுகளில் எல்லாருக்கும் சொல்லி வைப்பது. மருந்துச் சீட்டில் இதற்கு இடமில்லை, ஆனால் நாங்கள் எழுதிய திட்டத்தில் இதுதான் முதலாவது.

சொந்தத்தில் கட்டியதாலா?

அதுவரை இந்த வீட்டில் எல்லாரும் ஒரே பதிலோடு வாழ்ந்திருக்கிறார்கள். தாய் வீட்டார், 'வேண்டாம்னு சொன்னோம்' என்றார்கள். அப்பத்தா, தன் அண்ணன் மகளை ஆசைப்பட்டு எடுத்ததற்குத் தண்டனை என்று நினைத்திருந்தார். தாய் தன் இரத்தத்தில்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில மரபணு நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து, குழந்தைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும் நோய்களுக்கு அது பொருந்தும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் அந்த வகையில்லை. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர் கடல் தாண்டி யாரையோ கட்டியிருந்தாலும் அதே கணக்குத்தான். இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பெற்றோரிடம் எதுவுமே இல்லாமல் புதிதாகவே மாற்றம் நிகழ்கிறது. இந்த வீட்டில் அது தாத்தாவின் முகத்திலிருந்தே வந்திருக்கிறது.

இதைச் சொல்வது எளிதாக இல்லை. தாயின் மேலிருந்த பழியை எடுத்தால் அது நேராகத் தந்தையின் தலையில் போய் உட்காரும். அதனால் மருத்துவர் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, முதலில் தந்தையின் உடம்பைப் பற்றிப் பேசினார்: 'உங்களுக்கும் இது இருக்கு, உங்களையும் நாங்க பார்த்துக்கணும்.' அவரும் ஒரு நோயாளி என்றுதான் பேச்சு தொடங்கியது. ஒரே மாற்றம் ஒருவருக்கு முகப்பருவோடு நிற்பதும் இன்னொருவருக்கு மூளை வரை போவதும் இந்த நோயின் இயல்பு என்றும் விளக்கினார். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'நான் நல்லாத்தானே இருக்கேன்?' என்று கேட்டார். அப்பத்தா மருமகளிடம், 'ஏத்தா, இத்தனை நாளா உன்னையத்தானே சொன்னோம்' என்றார். தாய் பதில் சொல்லவில்லை.

தந்தையின் சிறுநீரகம்

அவர் நன்றாக இல்லை. 2023 தடைக்காலத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகத்திலும் கொழுப்பும் இரத்தக் குழாயும் கலந்த கட்டிகள், பெரியது 3.4 சென்டிமீட்டர். இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. விலாவில் அவ்வப்போது வந்த வலியை வலை இழுப்பதால் என்று விட்டிருந்தார். கட்டிக்குள் இருக்கும் இரத்தக் குழாய் வீங்கி வெடித்தால் கடல் நடுவில் ஒன்றும் செய்ய முடியாது. சிறுநீரில் இரத்தம், திடீர் விலா வலி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் படகைத் திருப்பச் சொல்ல வேண்டும் என்று ஓட்டுநரிடமும் சொல்லிவைத்தார்கள்.

அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கி, ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன். கட்டி 4.1 ஆகியிருந்தது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டிக்கு எவரோலிமஸ் மாத்திரை கொடுப்பதே இப்போதைய வழக்கம். கட்டுப்பாடு இழந்த அந்த வளர்ச்சிப் பாதையையே இது அடக்குகிறது. அறுவை செய்தால் நல்ல சிறுநீரகத் திசுவும் போகும். எனலாப்ரில் வகை இரத்த அழுத்த மாத்திரையோடு இது சேர்ந்தால் முகமும் நாக்கும் வீங்கும் ஆபத்து கூடும் என்பதால் அழுத்த மாத்திரையையும் மாற்றினார்கள். முதல் மாதங்களில் வாய்ப்புண் வந்து மனிதர் தவித்துப்போனார். படகில் காரமான குழம்புதான் சாப்பாடு. தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போனதை மற்றவர்கள் கேலி செய்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார். 2024 இறுதியில் எடுத்த ஸ்கேனில் கட்டி 3 சென்டிமீட்டருக்குக் கீழே வந்திருந்தது. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வளரக்கூடும்.

பையனுக்கு நடந்தது

மருந்து தொடங்கிய இரண்டு மாதத்தில், தினமும் நாலைந்து முறை வந்த வெறித்த பார்வை வாரத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஆட்டிசம் போகவில்லை, போகும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வேலையில் உட்காரும் நேரம் கூடியது. அதற்கு முன்பு படம் காட்டிக் கேட்கப் பழக்கும் பயிற்சி எங்கும் நகரவில்லை. ஒவ்வொரு நாளும் நடுவே அறுந்துபோகும் பாடம் எப்படி நகரும்? இப்போது தண்ணீர், பேருந்து, வெளியே, போதும் என்று படங்களை எடுத்துக் கொடுக்கிறான். சில சொற்களும் வருகின்றன. பள்ளியில் சேர்ந்திருக்கிறான், சிறப்பாசிரியர் வாரம் ஒரு முறை பார்க்கிறார். ஊனமுற்றோர் அடையாள அட்டையும், நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடும் கிடைத்துள்ளன. மூளை முடிச்சு ஒரு வருடத்தில் வளரவில்லை. இருபத்தைந்து வயதுவரை ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

பெண் குழந்தைக்குச் சோதனை முடிவு அவளுடைய ஏழாவது மாதத்தில் வந்தது. டிஎஸ்சி2-இல் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் இருந்த மாற்றம் அவளுக்கு இல்லை. அடுத்த குழந்தை பற்றித் தாய் கேட்டார். கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே நஞ்சுக்கொடியின் திசு எடுத்துச் சோதிக்க முடியும், அந்த ஒரு இடம் தெரிந்திருப்பதால் இது சாத்தியம் என்று விளக்கப்பட்டது. இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

இதனால் மாறியதும் மாற வேண்டியதும்

எங்கள் மையத்தில் ஆட்டிசம் என்று வரும் ஒவ்வொரு குழந்தையையும் இப்போது ஆடை களைந்து, விளக்கடித்துப் பார்க்கிறோம். பெற்றோர் இருவரின் முகமும் நகமும் பார்க்கப்படுகின்றன. ஆட்டிசத்தோடு வரும் வேறு மரபணு நோய்களையும் தேடுகிறோம். தலையின் சுற்றளவு எடுக்கப்படுகிறது. தலை மிகப் பெரிதாக இருந்தால் பிடென் என்ற மரபணுவை நினைக்க வேண்டும். நன்றாகக் கையைப் பயன்படுத்திய பெண் குழந்தை, கையைப் பிசையத் தொடங்கித் திறன்களை இழந்தால் ரெட் நோய்க்குறி. நீண்ட முகம், பெரிய காது, தாய்வழி மாமன்மாருக்கும் அறிவுத்திறன் குறைவு என்றால் ஃபிராஜைல் எக்ஸ். இது ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றில் ஓரிருவருக்கு இருக்கும், தனிச் சோதனை செய்தால்தான் தெரியும். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளிலும் சிலருக்கு ஆட்டிசம் சேர்ந்தே இருக்கும். 'டவுன் பிள்ளைன்னா இப்படித்தான்' என்று அதைத் தவறவிடுவது வழக்கமாக நடக்கிறது. பெரும்பாலான ஆட்டிசக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு ஒற்றைக் காரணம் கிடைக்காது என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் சோதனைக் கூடங்களின் வாசலில் கடன் வாங்கி நிற்பார்கள்.

பதிவுப் படிவத்தில் 'நெருங்கிய உறவில் திருமணமா' என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் அதைக் காரணம் என்ற இடத்தில் எழுதக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. அதற்குப் பதில் மூன்று தலைமுறை வரைபடம் போடுகிறோம். அப்பத்தாக்களையும் அம்மாச்சிகளையும் கூட்டி வரச் சொல்கிறோம். யாருக்கு முகம் எப்படி இருந்தது, யாருக்கு வலிப்பு வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் இசிவு வலிப்பின் வீடியோவைக் காட்டும் பயிற்சி இரண்டு வட்டாரங்களில் நடந்திருக்கிறது. மற்ற வட்டாரங்களில் இன்னும் இல்லை. இதுதான் எல்லாவற்றிலும் அவசரம் என்பது என் கருத்து. நான்கு வயதில் தோலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட, ஐந்து மாதத்தில் உதறலைப் பார்த்துக் கண்டுபிடித்தால் பிள்ளைக்குக் கிடைப்பது அதிகம்.

தந்தைக்கு வருடாந்தர ஸ்கேன் ஒவ்வொரு தடைக்காலத்தின் முதல் வாரத்திலும் என்று நிலையாகக் குறித்தாயிற்று. மகனின் பரிசோதனையும் அதே பயணத்தில். தந்தைக்குத் தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை இருக்கிறார், அவருக்கு இரண்டு பிள்ளைகள். முகத்தில் எதுவும் இல்லை என்று போனில் சொல்கிறார். கால் நகத்தையும் பிள்ளைகளின் முதுகையும் பார்க்க வேண்டும் என்று அண்ணனே இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். இதுவரை வரவில்லை. அந்த வட்டாரச் செவிலியர் மூலம் எங்கள் கடிதமும் போயிருக்கிறது.